மறுமொழி: ப்ராஸ்பெக்டுக்கு ‘தேடுகுழி’ வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க மேப்புல வர்ற வார்த்தைங்களைத் தமிழாக்கறப்போ, ‘ப்ராஸ்பெக்ட்’னு போட்டிருக்கிற, தாது இருக்கானு பாக்கத் தோண்டின குழிக்கு என்ன பேரு வைக்கலாம்னுதானே பேச்சு. அதுக்கு ஐயா சொன்ன ‘சோதனைக்குழி’ நேத்து வரைக்கும் எனக்கும் புடிச்சுதான் இருந்துச்சு, ஆனா கட்டடம் கட்டுறவங்க அஸ்திவாரத்துக்கு முன்னாடி மண்ணு பாக்கத் தோண்டுற குழிக்கு அந்தப் பேரு ரொம்பப் பொருத்தம், அதை அவங்களுக்கே விட்டுடுவோம்.

கொலராடோல சான் ஹுவான் மலை, சில்வர்டன் பக்கத்துப் பழைய 1:24,000 அளவு மேப் ஷீட்டை விரிச்சுப் பாருங்க. செங்குத்தா இறங்குற ஷாஃப்டுக்குப் பாதி கறுத்த குட்டிச் சதுரம், மலைக்குள்ள படுக்கையாப் போற ஆடிட்டுக்குக் கவட்டை மாதிரி ஒண்ணு, ப்ராஸ்பெக்டுக்கு வெறும் பெருக்கல் குறி. மூணையும் ‘சுரங்கம்’னு எழுதிட்டா வரைஞ்சவன் பட்ட பாடு வீண். பெருக்கல் குறி இருக்கிற இடத்துல சுரங்கமே கிடையாதே, எவனோ தோண்டிப் பாத்துட்டுப் போயிருக்கான், அவ்வளவுதான். அதனால தேடுகுழி. சுடுகாடு மாதிரி வினைத்தொகை, தேடின குழி, தேடுற குழி ரெண்டுக்கும் நிக்கும்.

“தேடத்தான் தோண்டினாங்கனு என்ன நிச்சயம்”னு அக்கா கேட்டது நல்லா மாட்டிவிட்டுச்சு. அமெரிக்காவோட 1872 சுரங்கச் சட்டப்படி பாறைத் தாதுக்கு ஒரு கிளெய்ம், அதாவது ஒருத்தர் தோண்ட உரிமை கோருற நிலம், அதிகபட்சம் 1500 அடி நீளம், 600 அடி அகலம், அது கைவிட்டுப் போகாம இருக்கணும்னா வருஷா வருஷம் 100 டாலர் பெறுமான வேலை செஞ்சாக வேண்டியிருந்துச்சு, கொலராடோ சட்டம் அதுக்கு மேல போயி முதல் குழி 10 அடி ஆழமாவது இருக்கணும்னுச்சு, அப்போ வெள்ளி இருக்கோ இல்லையோ கடப்பாரையப் போட்டுத்தானே ஆகணும். அந்த வகையில அக்கா சொன்ன ‘உரிமைக்குழி’ங்கிற பேரு பாதி நிஜம். ஆனா மேப் போட வந்தவர் பாத்தது குழியோட வாயை, தோண்டினவன் மனசை இல்லையே. எனக்குத் தேடுகுழிதான்.

அதே மேப்புல வர்ற மேய்ச்சல் வார்த்தைங்க நமக்குக் கஷ்டமே இல்ல. கொரால்னா ஆடுமாடு அடைக்கிற பட்டி, புதுசா எதுக்கு யோசிக்கணும். மந்தையை மலைமேல ஓட்டிட்டுப் போற ‘ஸ்டாக் டிரைவே’க்கு மந்தைவழி, என்ன, சென்னைக்காரங்க மந்தைவெளினு படிச்சிடுவாங்க.

ஆடிட்டுக்குக் ‘கிடைச்சுரங்கம்’ மட்டும் வேணாம், பட்டி இருக்கிற அதே ஷீட்டுல ஆட்டுக்கிடைனு குழம்பிடும். இப்போதைக்கு ‘குடைவழி’னு போட்டு வச்சிருக்கேன், வேற தோணுனா சொல்லுங்க.