செவரன்ஸ் மூன்றாம் சீசனுக்கு முன் பழைய 19 எபிசோடையும் மறுபடி பார்த்தே தீர வேண்டுமா?

கீழைக்காற்று:

செவரன்ஸ் தொடருக்கு மூன்றாம் சீசன் உண்டு என்று 2025 மார்ச்சில், இரண்டாம் சீசன் முடிந்த கையோடு அறிவித்துவிட்டார்கள். வரும்போது வரட்டும். அதற்குள் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் சீசனின் 9, இரண்டாம் சீசனின் 10, ஆக 19 எபிசோடையும் வரிசையாக மறுபடி பார்ப்பது. மொத்தம் 15 மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்து நிமிடச் சுருக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு "எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது" என்று வந்து நிற்பவர்களுடன் புதிய சீசனைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இதுவரை பார்க்காதவர்களுக்கு: மூளையில் ஒரு சில்லைப் பொருத்தி, அலுவலக நினைவையும் வீட்டு நினைவையும் இரண்டாகத் துண்டித்துவிடும் லூமன் என்ற நிறுவனத்தின் கதை இது. உள்ளே வேலை செய்யும் மார்க்குக்கு வெளியே இருக்கும் மார்க்கைப் பற்றி எதுவும் தெரியாது. இவ்வளவு போதும் என்றால் இங்கேயே திரும்பிவிடுங்கள். கீழே இரண்டாம் சீசனின் கடைசிக் காட்சிவரை பேசப்போகிறோம்.

மாலைரயில்:

முதல் சீசன் முடிந்தது 2022 ஏப்ரல் 8 அன்று. இரண்டாவது தொடங்கியது 2025 ஜனவரி 17 அன்று. நடுவில் 2023இல் எழுத்தாளர்களும் பிறகு நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாமதம் யாருடையதோ, அதன் சுமையை மட்டும் பார்வையாளன் ஏன் சுமக்க வேண்டும்?

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை வந்த காலத்தில் தலைப்புக்குக் கீழே முன்கதைச் சுருக்கம் என்று சில வரிகள் போடுவார்கள். அதைப் படித்துவிட்டு நடுவிலிருந்து கதைக்குள் நுழைந்தவர்கள் எத்தனையோ பேர். பழைய இதழ்களை எல்லாம் தேடிப்பிடித்து வாசித்துவிட்டு வா என்று எந்த ஆசிரியரும் வாசகரை விரட்டவில்லை. கதை நன்றாக இருந்தால் இரண்டு காட்சிகளில் நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைச் செய்ய முடியாத கதைக்கு நான் ஏன் 15 மணி நேரம் வீட்டுப்பாடம் எழுத வேண்டும்?

கீழைக்காற்று:

@மாலைரயில் உங்கள் முன்கதைச் சுருக்கத்தில் "லூமனின் ஆலோசகர் மிஸ் கேசிதான் மார்க்கின் மனைவி ஜெம்மா" என்று ஒரு வரி இருக்கும். செய்தி சரிதான். ஆனால் முதல் சீசனில் மார்க் ஆலோசனை அறையில் உட்கார்ந்து களிமண்ணில் ஒரு மரத்தைச் செய்கிறானே, அந்த வரியில் அது இருக்குமா? மனைவி விபத்தில் இறந்ததாக அவன் நம்பும் இடத்தில் நிற்கும் மரம் அது. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவள் மிஸ் கேசி. அதே அறையில் எரியும் மெழுகுவத்தி, மார்க்கின் வீட்டு நிலவறையில் ஜெம்மாவின் பொருள்களோடு கிடந்தது. மார்க்கின் மேலதிகாரி கோபெல் அதைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள். முதல்முறை பார்க்கும்போது இதெல்லாம் வெறும் அலங்காரமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது அந்தக் காட்சியில் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நடுவழி இருக்கிறது. முதல் சீசனில் முதலாவதும் கடைசி இரண்டும். இரண்டாம் சீசனில் நான்கு, ஏழு, பத்து. மொத்தம் ஆறு எபிசோட், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

நான்காவது: பனிக்காட்டுப் பயணம். மார்க்கோடு உள்ளே வேலை செய்யும் ஹெல்லி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவள், உண்மையில் அவளுடைய வெளி ஆளான, நிறுவன முதலாளியின் மகள் ஹெலெனா என்பதை இன்னொரு சக ஊழியர் இர்விங் அவள் தலையை நீரில் அமிழ்த்தி அம்பலப்படுத்தும் இடம். ஏழாவது: ஜெம்மாவின் கதை. ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கான்யே இயக்கியது. இந்தத் தொடர் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு அதுவே அளவு. பத்தாவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவற்றுக்குச் சுருக்கம் போதும்.

கீழைக்காற்று:

எட்டாவதை விட்டுவிட்டீர்களே!

கணக்குப்பிள்ளை:

வேண்டுமென்றேதான் விட்டேன். 37 நிமிடம். கோபெல் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறாள், அத்தையுடன் சண்டை போடுகிறாள், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறாள். இருந்த விறுவிறுப்பு எல்லாம் அங்கே நின்றுபோனது.

கீழைக்காற்று:

அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது என்ன? நினைவுகளைத் துண்டிக்கும் அந்தச் சில்லையே வடிவமைத்தவள் அவள்தான், பெருமையை லூமனின் முதலாளிகளான ஈகன் குடும்பம் எடுத்துக்கொண்டது என்பதற்கான சான்று. அதைத் தெரிந்துகொண்டு முதல் சீசனுக்குத் திரும்பிப் போங்கள். பக்கத்து வீட்டு அம்மாளாக வேடமிட்டு மார்க்கை வேவு பார்த்த பெண், தான் உருவாக்கிய கருவியின் விளைவைப் பக்கத்தில் குடியிருந்து கவனித்த பெண்ணாக மாறிவிடுகிறாள். வீட்டில் அவள், நோயாளிக்கு மூச்சுவிடப் பொருத்தும் ஒரு மருத்துவக் குழாயை வைத்து வழிபாட்டு மேடை போலக் கட்டியிருப்பாள், நினைவிருக்கிறதா? அது யாருடையது என்பதும் எட்டாவதில்தான் தெளிவாகிறது: நோயில் படுத்திருந்த அவளுடைய தாயுடையது. வேகம் இல்லை என்கிறீர்கள். எல்லா எபிசோடும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

கணக்குப்பிள்ளை:

சரி, ஏழு எபிசோட். திங்கட்கிழமை காலையில் அரைமணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டப்பாதை:

கீழைக்காற்று ஐயா சொன்ன ஒவ்வொரு சான்றையும் எடுத்துப் பாருங்கள். மரம், மெழுகுவத்தி, கோபெல் வீட்டு மருத்துவக் குழாய். இவை அத்தனையும் எப்போது பொருள் தந்தன? பின்னால் வந்ததைப் பார்த்த பிறகு. முதல் சீசனில் மார்க் கணினித் திரையில் எண்களைப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்த வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். துயரம், களிப்பு, அச்சம், வன்மம் என்ற நான்கு குணங்களாக அவன் பிரித்தது தன் மனைவியின் மனத்தைத்தான்; ஒவ்வொரு கோப்பும் அவளுக்குள் ஒரு புதிய ஆளை உண்டாக்கியது. இதை இரண்டாம் சீசன் இறுதியில்தான் சொல்கிறார்கள். அப்படியானால் மறுபார்வைக்குச் சரியான நேரம் புதிய சீசனுக்கு முன்பா, பின்பா?

என் கட்சி இது: புதிய சீசனுக்கு முன் இரண்டாம் சீசனின் பத்தாவது எபிசோடை மட்டும் பாருங்கள். மூன்றாவது முழுதும் வந்து முடிந்த பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் பாருங்கள். இப்போதே 19ஐயும் பார்த்தால் மூன்றாவது முடிந்ததும் எப்படியும் இன்னொரு முறை பார்க்கத்தான் போகிறீர்கள். மழை வருவதற்கு முன்பே குடையை உலர்த்துகிறீர்கள்.

மாலைரயில்:

@வட்டப்பாதை இந்த இழையிலேயே முதல் முறையாக ஒருவர் சரியாகப் பேசியிருக்கிறார்.

கீழைக்காற்று:

@வட்டப்பாதை கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பின்னால் பார்ப்பது வேறு, முன்னால் பார்ப்பது வேறு. பின்னால் பார்த்தால் "அட, அன்றே வைத்திருக்கிறார்களே" என்று வியக்கலாம். முன்னால் பார்த்தால்தான் சந்தேகப்பட முடியும். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் ஹெல்லி, தான் அலுவலக நினைவோடு வெளியே விழித்தபோது இரவில் வேலை செய்யும் ஒரு தோட்டக்காரரைப் பார்த்ததாகச் சொல்கிறாள். இர்விங்குக்கு அது அப்போதே உறுத்தியது. முதல் சீசனைப் புதிதாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கும் உறுத்தியது, ஏனென்றால் முன்பு அவள் பேசியது இப்படி இல்லை. குரலில் அந்தக் கூர்மை இல்லை. நான்காவது எபிசோடுவரை அந்தச் சந்தேகத்தோடு வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்த சுகத்தை எந்தப் பின்பார்வையும் தராது. சுருக்கக் காணொளி நிகழ்ச்சிகளைத்தான் சொல்லும். ஒருத்தி பேசும் விதத்தை எப்படிச் சுருக்குவீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டாம் சீசனுக்கு முன்பு, 2025 ஜனவரியில், பென் ஸ்டில்லரும் ஆடம் ஸ்காட்டும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கி முதல் சீசனை எபிசோட் எபிசோடாகப் பேசினார்கள். இயக்குநரும் நாயகனுமே மறுபடி பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

மாலைரயில்:

சொல்லாமல் என்ன செய்வார்கள்? சந்தா நாம் கட்டுகிறோம்.

எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. வெஸ்ட்வேர்ல்ட். 2016, 2018, 2020, 2022 என்று இரண்டு ஆண்டுக்கு ஒரு சீசன். ஒவ்வொன்றுக்கும் முன்பாக விசுவாசமாகப் பழையதை எல்லாம் பார்த்தேன். காலவரிசையைத் தாளில் எழுதிவைத்தேன். நான்காவது முடிந்தது, ஐந்தாவது கிடையாது என்று 2022 நவம்பரில் சொன்னார்கள், அடுத்த மாதமே அதன் சொந்தத் தளத்திலிருந்தே தொடரை நீக்கிவிட்டார்கள். பாடம் படித்த மாணவன் இருக்கிறான், பள்ளிக்கூடத்தையே காணவில்லை.

மரியாதை என்றால் டார்க் தொடருக்குச் செய்ததைச் சொல்வேன். நான்கு குடும்பங்கள், 33 ஆண்டுச் சுழற்சி, யார் யாருக்குத் தாத்தா என்றே புரியாத கதை. அதற்கென்று ஒரு தனி இணையதளம் போட்டார்கள். எந்த எபிசோடுவரை பார்த்தீர்கள் என்று சொன்னால், அதுவரைக்குமான உறவுமுறையை மட்டும் காட்டும்; மீதியை மறைத்துவிடும். மறந்தவனைத் திட்டாமல் கைகொடுத்தார்கள். அது இருந்ததால்தான் இரண்டாம் மூன்றாம் சீசன்களைப் பின்னோக்கிப் போகாமலே பார்த்து முடித்தேன்.

கீழைக்காற்று:

வெஸ்ட்வேர்ல்ட் கதை எனக்குச் சாதகம். தொடர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பனிமூட்டம்:

யாரும் எடுக்காத கட்சியை நான் எடுக்கிறேன். எதையும் பார்க்காமல் போவேன். பெயர்கள் பாதி மறந்துவிட்டன, லூமனுக்குள் வளர்க்கும் ஆடுகள் எதற்கு என்பது சுத்தமாக மறந்துவிட்டது. விளக்கு எரிகிறது, மேசை மேல் கண் விழிக்கிறேன், நான் யார், இவர்கள் யார்? இந்தத் தொடரின் முதல் காட்சியே அதுதானே. லூமன் ஊழியருக்கு உகந்த மனநிலையில் இருப்பவன் இங்கே நான் ஒருவன்தான்.

கணக்குப்பிள்ளை:

@பனிமூட்டம் ஆடுகளைப் பற்றிக் கேட்டதால் ஒரு எச்சரிக்கை. முதல் சீசனுக்குப் பிறகு வந்த விளக்கக் காணொளிகளில் ஆடுகள் படியெடுப்புச் (குளோனிங்) சோதனைக்கு என்று நிறையப் பேர் அடித்துச் சொன்னார்கள். ரசிகர்களின் ஊகம் அது. இரண்டாம் சீசன் இறுதியில் தெரியவந்தது வேறு: ஜெம்மாவின் ஆவிக்கு வழித்துணையாக ஓர் ஆட்டைப் பலியிடும் சடங்கு. ஆகவே சுருக்கம் பார்ப்பவர்கள், காட்சியில் நடந்ததை மட்டும் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். ஊகத்தையும் நிகழ்ச்சியையும் கலந்து ஊட்டுபவர்கள்தான் இந்தக் காணொளிகளில் பாதிப் பேர்.

கீழைக்காற்று:

ஆக, சுருக்கத்தை நம்ப முடியாது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:

சுருக்குபவரை நம்ப முடியாது என்றேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் காதில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம்.

தொடக்கப்புள்ளி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் இன்னும் ஒரு எபிசோடுகூடப் பார்க்கவில்லை. எச்சரிக்கையைப் படித்ததும் நடுவில் எதையும் படிக்காமல் நேராகக் கீழே வந்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி: இப்போதே தொடங்கலாமா, மூன்றாம் சீசன் முழுதும் வந்த பிறகு மொத்தமாகப் பார்க்கலாமா?

வட்டப்பாதை:

இப்போதே தொடங்குங்கள் தங்கையே. ஆனால் ஒரே மூச்சில் விழுங்க வேண்டாம். முதலில் வெளிவந்தபோது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாகத்தான் தந்தார்கள். ஒவ்வொன்றின் முடிவும் சில நாள்கள் மனத்தில் கிடக்கட்டும் என்ற கணக்கில் எழுதப்பட்ட தொடர் இது. நாளுக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். முதல் சீசனின் ஒன்பதாவதை மட்டும் எட்டாவதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது. மேலே இருப்பதைத் தயவுசெய்து படிக்காதீர்கள்.

மாலைரயில்:

நானும் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சீசனின் பத்தாவது எபிசோட், அது மட்டும். 76 நிமிடம். இரண்டு மார்க்குகளும் கேமராவில் பதிவுசெய்து மாறிமாறிப் பேசிக்கொள்ளும் இடத்துக்காகவே பார்ப்பேன். வெளியே இருப்பவன் ஹெல்லியின் பெயரைத் தவறாகச் சொல்கிறான்; உள்ளே இருப்பவன் முகம் அந்த நொடியில் மாறுகிறது. தன் காதலியின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனுக்காகத் தான் அழிய வேண்டுமா என்று அவனுக்குத் தோன்றியது அங்கேதான். கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா கதறியபோது அவன் ஹெல்லியின் கையைப் பிடித்து ஓடியதற்கு வித்து அது.

கீழைக்காற்று:

பார்த்தீர்களா, அந்த ஒரு நொடியைச் சொல்லவே உங்களுக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. எந்தச் சுருக்கத்திலாவது அது இருந்ததா?

மாலைரயில்:

இல்லை. அதனால்தான் அந்த ஒன்றைப் பார்க்கிறேன். மீதி 18ஐ நீங்கள் பாருங்கள். எனக்கு ஏதாவது புரியாவிட்டால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கீழைக்காற்று:

கேளுங்கள். பதில் வராது.