பாலம் பழுதுபார்க்கப் பணம் உங்கள் ஊரில் எப்படி வந்தது?

திருவானைக்கா:

திருச்சி காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் மராமத்துக்காக மூடியபோது எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். ஏழு கோடிகூட ஆகாத வேலைக்கு இத்தனை வருஷம் ஏன் இழுத்தடித்தார்கள்? 1976-இல் திறந்த பாலம். கொஞ்ச காலமாகவே தளத்தின் துண்டுகள் சேருகிற ஒவ்வொரு ஜாயிண்டிலும் பள்ளம் விழுந்து, டூவீலர் தடக்கென்று இறங்கி ஏறும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அவ்வப்போது தாரை ஊற்றி மெழுகுவார்கள், ஒரு நல்ல மழைக்கு அது போய்விடும்.

கடைசியில் பாலத்தின் தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தூணுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கிற, தேய்ந்துபோன பேரிங்குகளையும் ஜாயிண்ட்களையும் மாற்றினார்கள். முதலில் டூவீலரை மட்டும் விட்டார்கள், நவம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள். பாலத்தின் இந்த முனை மாம்பழச்சாலையிலிருந்து அந்த முனை சிந்தாமணி கண்ணுக்கெதிரே தெரியும், ஆனால் ஓடத்துறை, சென்னை பைபாஸ் என்று சுற்ற வேண்டும். 2023 ஜனவரி 2 ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசியும் அந்த அடைப்புக்குள்ளேயே வந்தது. மார்ச்சில் திறந்தார்கள். எனக்குச் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை இருக்கிறது. அந்த மாதங்களில் குறைந்த வியாபாரம், ஆட்டோவுக்கு அழுத கூடுதல் காசு, ஸ்கூல் வேன்காரர் ஏற்றிய கட்டணம், இதெல்லாம் எந்த எஸ்டிமேட்டிலும் வராது. ஆனால் கட்டியது நாங்கள்தானே.

அப்புறம் பக்கத்திலேயே நூறு கோடிக்கு மேல் போட்டுப் புதுப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். தேவைதான். ஆனால் நூறு கோடிக்கு இருக்கிற வேகம் ஏழு கோடிக்கு ஏன் இல்லை என்பதுதான் என் சந்தேகம். உங்கள் ஊரில் எப்படி? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

பழைய ஓவர்சீயர்:

தம்பி, நான் சாலை வேலையிலேயே கிடந்து ஓய்வுபெற்றவன். எங்கே என்று சொல்லவில்லை, இன்னும் பென்ஷன் வாங்குகிறேன்.

பாலம் நூறு வருஷம் நிற்கும் என்று கட்டினாலும் பேரிங்கும் ஜாயிண்டும் அத்தனை நாள் வராது, நடுவில் மாற்றியே ஆக வேண்டும். இது கட்டும்போதே தெரிந்த விஷயம். ஆனால் இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிற செலவுக்கு இன்றைக்கே யாரும் பணம் எடுத்துவைப்பதில்லை. வருஷா வருஷம் பராமரிப்புக்கு என்று வருகிற தொகை, குழி அடைக்கவும் வெள்ளையடிக்கவும் புதர் வெட்டவும் சரியாகப் போய்விடும். பெரிய பழுது என்றால் தனியாக எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்ப வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று ஃபைல் நகர்வதற்குள் புது வருஷத்து விலைப்பட்டியல் வந்துவிடும், கம்பியும் சிமெண்டும் ஏறியிருக்கும், எஸ்டிமேட்டைத் திருத்தி மறுபடி அனுப்பு என்பார்கள். இதற்குள் எழுதிய இன்ஜினியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

மழைக்கு முன்னாலும் பின்னாலும் பாலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முறை இருக்கிறது. நாங்களும் போவோம். தண்ணீர் வடிகிற குழாய் மண்ணடைத்துக் கிடக்கும். அதனால் தளத்தில் தேங்குகிற தண்ணீர் ஜாயிண்ட் வழியாகக் கீழே இறங்கி, பேரிங் மேல் சொட்டி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தூண் இடுக்கில் ஒரு ஆலங்கன்று முளைத்திருக்கும். ஒரு முழ உயரத்தில் இருக்கும்போது பிடுங்கினால் கடப்பாறைகூட வேண்டாம். வேர் உள்ளே போய்க் கல்லைப் பிளந்த பிறகு லட்சக்கணக்கில் எஸ்டிமேட். ஒரு ஆளுக்கு அரைநாள் கூலி கேட்டு நான் எழுதின குறிப்பு ஒன்று, நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஃபைலிலேயே இருந்தது!

உங்கள் ஊர் கொள்ளிடத்தையே பாருங்கள். 1928-இல் கட்டின இரும்புப் பாலம். 2016-இல் பக்கத்தில் புதுசு திறந்ததும் பழசைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை, காலையில் நடைப்பயிற்சிக்குத்தான் ஆனது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்தன. அப்புறம் இடிப்பதற்கு என்று தனியாகச் செலவு.

வெட்டாற்றங்கரை:

எங்களுடையது பெரிய பாலம் ஒன்றும் இல்லை, வாய்க்கால் பாலம். ஒரு டிராக்டர் போகலாம், எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க வேண்டும். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விழுந்து, தளத்தில் கம்பி வெளியே தெரிந்தது. அறுவடை மிஷின்காரர்கள் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், நெல்லைத் தலைச்சுமையாகக் கரை தாண்டிக் கொண்டுவந்தோம்.

மனு கொடுத்தால் முதல் பிரச்சினை, பாலம் யாருடையது? வாய்க்கால் ஒரு துறை, மேலே போகிற ரோடு இன்னொரு துறை. இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. இதிலேயே ஒரு சாகுபடி போய்விட்டது. எம்.எல்.ஏ.விடம் தொகுதி நிதியில் கேட்டுப் பார்த்தோம். புதுசாகக் கட்டுவதென்றால் பார்க்கலாம், பழுதுக்கு வேண்டாம் என்று பதில். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, புதுசாகக் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழுதுக்கு எங்கே கல்வெட்டு வைப்பது?

கடைசியில் நமக்கு நாமே திட்டம்தான். மூன்றில் ஒரு பங்கு ஊர் போட வேண்டும், மீதி அரசு. தலைக்கட்டு வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தோம். பேச்சு முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலமில்லாதவர் எனக்கெதற்குப் பாலம் என்றார் (அவர் மகள் தினமும் அந்தப் பாலத்தில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்). இதே ஊரில் கும்பாபிஷேகம் என்றபோது நோட்டுப் புத்தகம் ஒரே வாரத்தில் நிறைந்தது. அறுவடை முடிந்த பிறகு சிலர் மூட்டையாக நெல் கொடுத்தார்கள், விற்றுச் சேர்த்தோம். சிங்கப்பூரில் வேலை செய்கிற பையன்கள் வாட்ஸ்அப்பில் பேசி ஒரு நல்ல தொகை அனுப்பினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காது.

நெல்லைக்காரன்:

கல்வெட்டு என்று சொன்னீங்கள்லா, அதுக்கு எங்க ஊர்ல பதில் இருக்கு. தாமிரபரணியில் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற பாலம், 1843-இல் திறந்தது. சுலோச்சன முதலியார் என்கிற அதிகாரி சுமார் ஐம்பதாயிரம் ரூபாயைத் தன் கையிலிருந்து போட்டுக் கட்டினார், பாலத்துக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். வடிவமைத்தவர் ஹார்ஸ்லி, பதினொரு வளைவு. சரி, அதன்பிறகு வெள்ளத்தில் அடிபட்டு மராமத்து பார்த்தார்கள், அகலப்படுத்தினார்கள். அதுக்கெல்லாம் யார் ஓடினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று எங்க ஊர்ல பத்துப் பேரை நிறுத்திக் கேட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவன் நான். தாமிரபரணிக் கரையில இருக்கிற ஏரலில் பாலத்தின் இணைப்புச் சாலை அப்படியே அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் ஆற்றுக்குள்ள நிக்கி, ரெண்டு பக்கமும் ரோட்டைக் காணோம். அதுக்கு மட்டும் பணம் சீக்கிரமா வந்தது, ஏன்னா டிவில காட்டினாங்க. எனக்கு இதுதான் எரிச்சல். விழுந்தா நிதி உண்டு, விழப்போகுதுன்னு சொன்னா நிதி இல்லை.

பழைய ஓவர்சீயர்:

அதேதான் நெல்லை. வெள்ளச் சேதத்துக்கு அவசர நிதி என்று தனிவழி இருக்கிறது, ஃபைல் ஓடும். அதனால்தான் எங்களில் சிலர் தெரிந்தே ஒரு மழையை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம், சொன்னால் கோபப்படாதீர்கள்.

திருவானைக்கா:

கோபமில்லை சார், ஆனால் இதைப் படித்த பிறகு பாலத்தில் போகும்போது கண் தானாகத் தூண் பக்கம் போகிறது. வெட்டாற்றங்கரை, ஒரு கேள்வி. மதிப்பீடு நடுவில் ஏறிவிட்டால் ஊர்ப் பங்கும் ஏறுமே, என்ன செய்தீர்கள்?

வெட்டாற்றங்கரை:

ஏறியது. இரண்டாவது முறை ஊரில் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் வேலையைக் குறைத்துக்கொண்டோம். தளமும் ஒரு பக்கக் கைப்பிடியும் முடிந்தது, மறுபக்கக் கைப்பிடி இன்னும் பூசாமல் செங்கல்லாக நிற்கிறது. டவுனில் ஒரு சிமெண்ட் கடைக்காரர், தன் கடை விளம்பரத்தை எழுத விட்டால் பூசி, பெயிண்டும் அடித்துத் தருகிறேன் என்கிறார். அதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம். எந்த அலுவலகத்தில் என்று கேட்டு மனு போட்டிருக்கிறோம்.