தொப்பூர் மேட்டுல நின்னுபோற பழைய வண்டி, புது சத்தம், பெட்ரோல் பிரச்சனை: உங்களுக்கு நடந்தத எழுதுங்க

பாலக்கோடு 800
நம்மகிட்ட இருக்கறது கார்புரேட்டர் வெச்ச பழைய மாருதி 800, அப்பா வாங்கின வண்டி. ஊருக்குள்ள எவ்ளோ ஓட்டினாலும் ஒரு குறையும் கிடையாது, சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் மேடு ஏறினா மட்டும் பாதியில திணறி திணறி நின்னுடும். கொஞ்ச நேரம் ஓரமா போட்டுட்டு செல்ஃப் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும். கார்புரேட்டர் கழட்டி கழுவியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. ஒர்க்‌ஷாப்ல விட்டா அங்க நல்லா ஓடுது, அவங்க என்ன பாப்பாங்க. அப்புறம் ஒருநாள் அதே மேட்டுல நின்னப்போ பின்னாடி வந்த லாரிக்காரர் ஒருத்தர் இறங்கி வந்தாரு, பானட்ட திறக்கவே சொல்லல, "தம்பி, டேங்க் மூடிய கழட்டு"ன்னாரு. கழட்டினேன் பாருங்க, "ஸ்ஸ்ஸ்ஸ்"னு காத்த உள்ள இழுத்துச்சு, அவ்ளோ நேரம் இழுக்கும்னு நான் நெனக்கவே இல்ல. உடனே செல்ஃப் அடிச்சா வண்டி எடுத்துடுச்சு. டேங்குக்குள்ள காத்து போற வழி அடைச்சிருக்குது, பெட்ரோல் குறைய குறைய உள்ள வேக்குவம் ஆகி பம்ப் இழுக்க முடியாம நின்னிருக்குது. மேடு ஏறும்போது பெட்ரோல் ஜாஸ்தி போறதால அங்க மட்டும் தெரிஞ்சிருக்குது. அவர் அதோட லாரி ஏறி போயிட்டாரு. அந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குதுங்க.

காவேரிப்பட்டணம் அம்பி
தம்பி சொல்றது அவர் வண்டிக்கு சரியா இருக்கலாம், ஆனா இத படிச்சிட்டு மேட்டுல நிக்கிற எல்லா வண்டிக்கும் மூடிய கழட்ட ஆரம்பிச்சா தப்பு. என்கிட்ட இருந்தது பெட்ரோல் அம்பாசிடர். சித்திரை வெயில்ல காரிமங்கலம் தாண்டி நின்னுச்சு, மூடியெல்லாம் திறந்து பாத்தேன், ஒரு சத்தமும் வரல. தோள்ல கிடந்த துண்ட நனைச்சு பெட்ரோல் பம்ப் மேல சுத்தினேன், துண்டுல இருந்து ஆவி கிளம்புச்சு, அப்புறம்தான் வண்டி எடுத்துச்சு. பம்புக்குள்ள பெட்ரோல் சூட்டுல ஆவியாயிட்டா பம்ப் அடிச்சாலும் தள்ள ஒண்ணும் இருக்காது. ரெண்டு கேஸ்லயும் கொஞ்சநேரம் நிறுத்தினா வண்டி எடுத்துக்கும், அதான் குழப்பம். மூடி திறந்ததும் காத்து இழுத்து உடனே எடுத்தா டேங்க் காத்து வழி. எஞ்சின் ஆறினப்புறம்தான் எடுக்கும்னா சூடு. இத பிரிச்சு பாக்காம பார்ட்ஸ் மாத்தாதீங்க.

பாலக்கோடு 800
அண்ணா, நான் எல்லா வண்டிக்கும்னு எங்கயும் எழுதலயே. மூடி மாத்தினதுக்கு அப்புறம் அதே மேட்டுல அதே வெயில்ல ஏறுது, சூடா இருந்தா இப்பவும் நிக்கணும்ல.

ஊத்தங்கரை சுமோ
நம்மளது டீசல். ராத்திரி நிறுத்தினா காலையில எடுக்காது, ஃபில்டர் மேல இருக்கற ஹேண்ட் பம்ப குத்தி குத்தி ஏர் எடுத்தாதான் எடுக்கும். வண்டிக்கு அடியில அட்டை போட்டு பாத்தேன், ஒரு சொட்டு டீசல் இல்ல. லீக்கே இல்லன்னு எல்லாரும் அடிச்சு சொன்னாங்க. கடைசியில ஒரு மெக்கானிக் டேங்க் லைன்ல, ஃபில்டருக்கு முன்னாடி, ஒரு துண்டு கண்ணாடி டியூப் போட்டு ஓடவிட்டு காமிச்சாரு, உள்ள சோடா மாதிரி குமிழ் குமிழா ஓடுது. டேங்குல இருந்து பம்ப் வரைக்கும் இழுக்கற பக்கம், அதுல வெடிப்பு இருந்தா டீசல் வெளிய வராம காத்துதான் உள்ள போகும். ஹோஸ் மாத்தி கிளிப் போட்டதோட முடிஞ்சுது.

ஓசூர் பழைய வண்டி
பெட்ரோல் பத்தியே பேசறீங்க, சத்தம் பத்தி யாரும் எழுதல. எனக்கு ஃபுல்லா ஸ்டியரிங் ஒடிச்சு யூ டர்ன் போட்டா முன்னாடி "டக் டக் டக்"னு வரும், நேரா போனா இருக்காது. சஸ்பென்ஷன்னு சொல்லி ஒவ்வொண்ணா மாத்தவெச்சாங்க. வீலுக்கு உள்பக்கம் கை விட்டேன், ரிம்மெல்லாம் கிரீஸ் தெறிச்சிருக்குது. ஆக்ஸில் ஜாயிண்ட்ட மூடியிருக்கற பூட் ரப்பர் கிழிஞ்சு, மண்ணு போய் ஜாயிண்ட் தேஞ்சிருக்குது.

எல்லாருக்கும் சொல்றேன், ஒர்க்‌ஷாப்ல "சத்தம் வருது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்ப வருதுன்னு சொல்லுங்க. வண்டி ஸ்பீடோட கூடுற "ஊஊ"ன்ற இரைச்சல், ஸ்டியரிங்க லேசா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாச்சா மாறினா வீல் பேரிங்கா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நியூட்ரல்ல நிக்கும்போதே ஆக்ஸிலேட்டர் குடுத்தா கூடுற சத்தம் எஞ்சின் பக்கம். காலையில குளிருல "டிக் டிக்"னு வந்து சூடானதும் அடங்கினா எஞ்சின்ல சைலன்ஸர் குழாய் சேர்ற மேனிஃபோல்ட் கேஸ்கெட்ட பாருங்க, சூட்டுல இரும்பு விரிஞ்சு ஓட்டை அடைச்சுக்கும். சூடானப்புறமும் அதே டிக் டிக் இருந்தா டாப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளி. நீளமான ஸ்க்ரூடிரைவர ஒருமுனை எஞ்சின்ல, ஒருமுனை காதுகிட்ட வெச்சா எந்த இடம்னு பிடிச்சிடலாம், ஆனா ஃபேன் பெல்ட்டுகிட்ட மட்டும் போகாதீங்க. மொபைல்ல சத்தத்த ரெக்கார்ட் பண்ணிட்டு போங்க, ஒர்க்‌ஷாப் போனா சத்தம் ஒளிஞ்சுக்கும்.

பென்னாகரம் ரோடு
ஓசூர்காரர் சொன்ன டிக் டிக் எனக்கும் இருந்துச்சு, கேஸ்கெட்தான். ஆனா என்ன இன்னும் உறுத்தறது வேற. ஒகேனக்கல் போயிட்டு மலைரோடு ஏறும்போது வண்டிக்குள்ள பெட்ரோல் வாசம், பின் சீட்ல குழந்தைங்க. அப்படியே எஞ்சின ஆஃப் பண்ணி எல்லாரையும் இறக்கிட்டு பானட்ட திறந்தா, ரப்பர் ஹோஸ் ஊறிப்போய் விரல்ல அமுக்கினா கொழகொழன்னு இருக்குது, கிளிப் ஓரத்துல ஈரம், கீழயே சூடான மேனிஃபோல்ட். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்களுக்குத்தான் அதுக்கேத்த ரப்பர் போட்டு விக்கறாங்க, நம்ம வண்டிங்க அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. எத்தனால் தண்ணியையும் இழுக்கும், டேங்க் அடியில இருக்கற பழைய அழுக்கையும் கிளப்பிவிடும். அதனால லைன் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரகமா கேட்டு வாங்கி ஒரே தடவையில மாத்திடுங்க, கூடவே ஃபில்டரும். மாசக்கணக்குல நிறுத்தி வெக்கற வண்டியா இருந்தா இன்னும் சீக்கிரம் பண்ணுங்க.

பாலக்கோடு 800
அண்ணா, கார்புரேட்டருக்கு மேல போற அந்த சின்ன ஹோஸ் தர்மபுரியில கிடைக்குதுங்களா, இல்ல சேலம்தான் போகணுமா?