பாய்ப்படகுக்குப் புது எஞ்சின் பூட்டிய அனுபவம்

குருநகர்க் கரை:

பாய்ப்படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்கள், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று சட்டென்று விழுந்துபோன ஒரு மத்தியானத்தில் யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் நின்று பார்க்கவேண்டும். பரவைக்கடலில் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. காற்று இல்லாத படகு நீரோட்டம் இழுத்த பக்கம் போய்ச் சேற்றில் குந்திவிடும்.

எங்கள் 26 அடிப் படகின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை உப்புத் தின்று அது இறுகிப்போனதால், இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டினோம். பழையதைத் தூக்கியது பெரிய கதை அல்ல. பனை வளைகளை முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பி போட்டு எடுத்துவிட்டோம். புது எஞ்சினின் கால்கள் பழைய கட்டைகளுக்கு நேரே வராததால், இலுப்பையில் புதுக் கட்டைகள் செதுக்கி ஃபைபர் சுற்றினோம்.

பூட்டித் தந்தவர் வல்வெட்டித்துறை அண்ணை ஒருவர். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டிய ஊர்க்காரர் என்பதில் அவருக்கு நியாயமான பெருமை உண்டு. கியர்பொக்ஸையும் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கை இறுக்க நான் போல்ட்டுகளைக் கையில் எடுத்ததும் தடுத்தார்.

"தம்பி, அதை இப்போது இறுக்காதே. படகு முதலில் தண்ணீரில் கிடக்கட்டும்."

கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் உடல், தண்ணீரில் மிதக்கும்போது வேறு விதமாக வளையும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கால்களும் பாரத்தில் கொஞ்சம் அமரும். ஆகவே எஞ்சினுக்கும் சாஃப்டுக்கும் கரையில் பார்த்த நேர், கடலில் நேராக இராது.

படகை இறக்கி ஓர் இரவு விட்டபின், இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகட்டை இரு கப்ளிங் தட்டுகளுக்கும் நடுவே மேலே, கீழே, இடம், வலம் என்று நுழைத்து அளந்தார். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டுக்கு 0.1 மில்லிமீற்றர் வித்தியாசம்தான் எல்லை. எங்களுக்குக் கீழ்ப்பக்கம் அதற்கு மேல் திறந்திருந்தது. அண்ணை உடனே திருத்தத் தொடங்கவில்லை. சாஃப்ட் பக்கத்துத் தட்டை மட்டும் கையால் கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தார். இடைவெளி தட்டோடு கூடவே சுற்றினால் சாஃப்டோ தட்டோ வளைந்திருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால் எஞ்சின்தான் சரிந்திருக்கிறது. இடைவெளி கீழேயே நின்றது. முன்கால் நட்டுகளைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் நாலு பக்கமும் அளந்து, பின்னேரம் ஆனபிறகுதான் போல்ட்டுகளை இறுக்கவிட்டார். இந்தப் பொறுமைக்குத்தான் கூலி கொடுக்கவேண்டும். நேர் பிசகினால் கியர்பொக்ஸ் சீலும் சாஃப்ட் பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும்.

காரைநகர்த் தம்பி:

அண்ணா, நல்ல விளக்கம். புரொப்பெல்லரையும் சேர்த்துப் பாருங்கள். புது கியர்பொக்ஸ் சுற்றும் திசையோ குறைப்பு விகிதமோ மாறினால் பழைய புரொப்பெல்லர் ஒத்துவராது. எங்கள் படகில் அது அளவுக்கு மீறிய பாரமாகி, எஞ்சின் முழு வேகத்தை எட்டாமல் கரும்புகை தள்ளியது.

இன்னொன்று, இதை எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும். புது எஞ்சினின் டீசல் குழாயில் காற்று நின்றால் எஞ்சின் பிடிக்காது. அந்த நேரம் ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றக்கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீரைப் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும், அந்த நீர் புகைக்குழாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இராது. சைலென்சர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். கடல்நீர் வால்வை மூடி, ஃபில்டரின் காற்று போக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். எஞ்சின் பிடித்த கணமே வால்வைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் பம்பின் ரப்பர் விசிறி கருகிவிடும்.

குருநகர்க் கரை:

நன்றி தம்பி. எங்கள் கியர்பொக்ஸ் பழைய திசையிலேயே சுற்றுகிறது, விகிதமும் அதேதான். ஆனால் குதிரைவலு கூடியிருப்பதால் புரொப்பெல்லரை அண்ணையிடம் காட்டப்போகிறேன். வால்வை மூடும் விஷயத்தை எஞ்சின் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்ரால் எழுதிவைக்கிறேன். படகை என் மருமக்களும் எடுத்துப்போவார்கள். கடல்நீர் வடிகட்டியில் சாதாளை என்ற கடற்புல் அடைப்பதுதான் எங்களுக்கு இப்போதைய தொல்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் ஓட்டுபவர்கள் யாராவது பெரிய வடிகட்டி பூட்டியிருந்தால், எந்த அளவு என்று எழுதுங்கள்.