பழைய லோடரா, பின் ஈட்டியா? கட்டு தூக்க எதை வாங்கறது, அவசரம்

மாட்டுக்கொட்டில் (இரவு 10.40)
எல்லாருக்கும் வணக்கம். வைக்கோல் கட்டு தூக்கி அடுக்க ஆள் கிடைக்கறதே இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட பழைய முன் லோடரை (டிராக்டர் முன்னாடி மாட்டித் தூக்கற கை) கிராப்போட (கட்டைக் கவ்வற பிடி) தர்றேங்கறார், புதுசு விலையில பாதி. இன்னொரு யோசனை, டிராக்டர் பின்னாடி மாட்டி, கட்டைக் குத்தித் தூக்குற ஈட்டி. அந்தப் பழைய லோடர் காசுக்கு ஏழு ஈட்டி வாங்கலாம். லோடர் நல்லாத்தான் தூக்குது. ஆனா தூக்கி நிறுத்தினா மெதுவா இறங்குது. "சீல் கிட் (சிலிண்டர்ல எண்ணெய் கசியாம அடைக்கற வளையங்கள்) போட்டா சரியாயிடும்"ங்கறார். நாளை மறுநாள் பதில் சொல்லியாகணும். ரெண்டுல எது செலவு வைக்காம ரொம்ப நாள் உழைக்கும்? போட்டோ அப்புறம் போடறேன்.

ஏர்முனை (10.52)
கட்டு எத்தனை கிலோ? வருஷத்துக்கு எத்தனை? டிராக்டர் எத்தனை எச்பி? இது எதுவும் இல்லாம என்னத்தைச் சொல்ல?

கைவேலை (10.58)
25 கிலோ கட்டுக்கு லோடரா! ரெண்டு பேரும் ஒரு மோட்டார் வச்ச ஏணி கன்வேயரும் போதும் தம்பி. செயின் தளர்ந்தா இறுக்கிக்கலாம், பலகை உடைஞ்சா நாமே போட்டுக்கலாம். அதுக்கு மேல கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்ல.

பழைய_வால்வ் (11.15)
வாரத்துக்கு ஒருத்தர் இப்படித்தான் வர்றாங்க. "கட்டு"ன்னா என்ன கட்டு? செவ்வகமா, உருண்டையா? "மெதுவா"ன்னா நிமிஷத்துக்கு எவ்வளவு? எஞ்சின் ஓடும்போதா, நிறுத்தின பிறகா? எண்ணெய் சூடா இருந்ததா? டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு மருந்து கேட்கற கதை. இதைத் தெரிஞ்சுக்காம ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்துல தூக்கற அமைப்பு) பக்கமே போகாதீங்க.

மாட்டுக்கொட்டில் (11.31)
மன்னிக்கணும். உருண்டை ரோல். 4 அடி விட்டம், 4 அடி அகலம். எடை மேடையில போட்டதுல 220 கிலோ வந்துச்சு. வருஷத்துக்கு 300 இருக்கும். எஞ்சின் நிறுத்தினப்பதான் இறங்குச்சு. எண்ணெய் சூடு தெரியல, நான் போகும்போதே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தார்.

கைவேலை (11.33)
220 கிலோவா? அப்ப நான் சொன்னதை விட்டுடுங்க.

ஈரம்பார் (11.50)
எடையைப் பத்தி எல்லாரும் பேசறீங்க, ஈரத்தைப் பத்தி ஒருத்தரும் கேட்கல. அதே ரோல் ஈரத்தோட கட்டினா எடை எங்கயோ போயிடும். உருண்டைக் கட்டுக்கு 15-18 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கக் கூடாது. 20 தாண்டினா பூஞ்சணம், உள்ளுக்குள்ள சூடு. கட்டின முதல் சில வாரம்தான் ஆபத்து. நீளமான இரும்புக் கம்பியை நடு வரைக்கும் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலன்னா அந்தக் கட்டைப் போர்ல வைக்காதீங்க. 65 டிகிரி வந்தா தினமும் பார்க்கணும். 80 வந்தா தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் பிரிக்கவே கூடாது, காத்து பட்டதும் பத்திக்கலாம். லோடர் வாங்கறதுக்கு முன்னாடி ஈரமானி வாங்குங்க.

ஏர்முனை (11.56)
நல்ல விஷயம்தான், ஆனா அவர் கேட்டது தூக்கறதைப் பத்தி. மாட்டுக்கொட்டில், டிராக்டர் விவரம் இன்னும் வரலை. டூ வீல் டிரைவா, ஃபோர் வீலா? முன் வெயிட் (முன்னாடி மாட்டற எடை) இருக்கா?

கணக்குநோட்டு (காலை 6.10)
டிராக்டர் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. 300 ரோல். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை தொடுவீங்க, வயல்ல இருந்து கொட்டகைக்கு, கொட்டகையில இருந்து மாட்டுக்கு. ஆக 600 தூக்கு. பின் ஈட்டியில கழுத்தைத் திருப்பி, ரிவர்ஸ்ல நேர் பார்த்துக் குத்தி எடுக்க 4 நிமிஷம்னு வைங்க. முன் லோடர்ல ரெண்டரை. மிச்சம் ஒண்ணரை நிமிஷம். 600 தூக்குக்கு 900 நிமிஷம், அதாவது 15 மணி நேரம். ஏழு மடங்கு காசு குடுத்து நீங்க வாங்கறது வருஷத்துக்கு 15 மணி நேரம். அதுலயும் லோடருக்கு கிரீஸ் அடிக்கற நேரத்தைக் கழிச்சுக்கோங்க. நிப்பிளை (கிரீஸ் ஏத்தற வாய்) எண்ணிப் பாருங்க, லோடர் கையில ஒரு பக்கம், பக்கெட்ல ஒரு பக்கம், சிலிண்டர் ரெண்டு முனையும்னு போயிக்கிட்டே இருக்கும். ஈட்டியில நிப்பிளே கிடையாது.

1,500 ரோல்னா இதே கணக்கு தலைகீழாகும். அப்ப நானே லோடர் பக்கம்தான்.

மேட்டுக்காடு (6.45)
ஒரே ஒரு விஷயம் கணக்குல வரல. பின் ஈட்டியில உயரமா அடுக்க முடியாது. கொட்டகை சின்னதா இருந்தா மேல் அடுக்குக்கு லோடர்தான் வழி. கொட்டகை அகலம் என்ன?



பழைய_வால்வ் (7.20)
கணக்கெல்லாம் சரி. பொருள் ஓட்டையா இருந்தா கணக்கு எதுக்கு? அந்த ஆள் சொல்ற "சீல் கிட்" கதைதான் இங்க முக்கியம். அடிப்படை சொல்றேன், பொறுமையா படிங்க. லோடர் கை இறங்கணும்னா சிலிண்டர் ராடு உள்ள போகணும். ராடு உள்ள போனா அது அடைக்கற இடத்துல இருந்த எண்ணெய் வெளிய போயாகணும். வால்வ் ரெண்டு ஹோஸையும் இறுக்கமா அடைச்சிருந்தா எண்ணெய் எங்க போகும்? பிஸ்டன் சீல் முழுக்கப் போயிருந்தாலும் கை இறங்காது. ஆக இறங்குதுன்னா சீல் இல்ல, வால்வ் ஸ்பூல் (வால்வுக்குள்ள நகர்ந்து எண்ணெய் வழியைத் திறந்து மூடற தண்டு) தேஞ்சிருக்கு. ஸ்பூல் தேய்மானத்தைச் சீல் கிட் சரி பண்ணாது, பொதுவா வால்வையே மாத்தணும். சீல் கிட் விலையையும் வால்வ் விலையையும் விசாரிச்சுட்டு அப்புறம் பேசுங்க.

பட்டறைநிழல் (7.48)
சார், ஏட்டுல படிச்சா அப்படித்தான். நான் கையில பண்ணினவன். இறங்குதுன்னு வந்த லோடருக்கு சீல் மட்டும் மாத்தி நின்னுருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல. பழைய சீலைக் கழட்டினா ஓரம் கடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்கும். அது கசியலன்னு எப்படிச் சொல்றீங்க?

பழைய_வால்வ் (7.55)
கசியலன்னு யார் சொன்னது? இறங்காதுன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் புரிஞ்சா மேல பேசலாம்.

பட்டறைநிழல் (8.02)
அப்ப நான் மாத்தினதும் நின்னது எப்படி? மந்திரமா?

பழைய_வால்வ் (8.04)
கழட்டி மாட்டும்போது எண்ணெயும் ஃபில்டரும் மாத்தியிருப்பீங்க.

பட்டறைநிழல் (8.05)
ஃபில்டரைத் தொடக்கூட இல்ல.

எண்ணெய்க்கை (9.30)
ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. 63 மி.மீ. போர் (சிலிண்டரோட உள் விட்டம்), 35 மி.மீ. ராடு சிலிண்டர் எடுத்துக்குவோம். பிஸ்டன் பரப்பு 31 ச.செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. ராடு பரப்பு 9.6. சிலிண்டர் மேல 1500 கிலோ பாரம்னா, நல்ல சீல்ல அழுத்தம் ச.செ.மீ.க்கு 48 கிலோ. சீல் போயிட்டா பிஸ்டனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணெய், பாரத்தைத் தாங்கறது ராடு பரப்பு மட்டும்தான். அதே பாரத்துக்கு இப்ப 156 கிலோ, மூணு மடங்குக்கு மேல. புது வால்வ் அதையும் பிடிச்சுக்கும். கொஞ்சம் தேஞ்ச வால்வ் 48-ல சொட்டு சொட்டா விட்டது 156-ல ஒழுக விடும். போதாக்குறைக்கு, ராடு பக்கத்து வழியாவும் டாங்குக்குப் போகும். அதனாலதான் பட்டறைக்காரர் சீல் மாத்தினதும் நின்ன மாதிரி தெரிஞ்சது. வால்வ் அப்பவும் தேஞ்சதுதான், அழுத்தம் குறைஞ்சதுல பேசாம இருந்துருக்கு.

போய்ப் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்க. ஒரு மணி நேரமாவது வேலை வாங்கி எண்ணெயைச் சூடாக்குங்க, ஆறின எண்ணெய் கெட்டியா இருக்கறதால தேய்மானத்தை மறைச்சுடும். ரோலைத் தரையில இருந்து ஒரு சாண் மட்டும் தூக்குங்க, அதுக்கு மேல வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ராடு சிலிண்டருக்குள்ள நுழையற இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு 10 நிமிஷம் பாருங்க. அப்புறம் லோடர் கையை ஒரு மரக்கட்டை மேல இறக்கி, லிவரை ஆட்டி அழுத்தத்தை விட்டுட்டு, ரெண்டு ஹோஸ் கப்ளரையும் (ஹோஸை வால்வோட சேர்க்கற இணைப்பு) கழட்டி, தள்ளி நின்னு மரக்கட்டையை உருவிட்டு மறுபடி பாருங்க. கப்ளர் கழட்டின பிறகு நின்னா குத்தவாளி வால்வ் பக்கம். எக்காரணம் கொண்டும் லோடர் கைக்குக் கீழ நிக்காதீங்க.

கசிவைத் தேட விரலை வைக்காதீங்க. அட்டையைப் பிடிங்க. அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போகும், வெளிய ஒரு புள்ளிதான் தெரியும். வலிக்கலன்னு வீட்டுக்குப் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பழைய_வால்வ் (9.41)
நான் சொன்னதைத்தான் நீளமா சொல்லியிருக்கார்.

பட்டறைநிழல் (9.43)
😂

மேட்டுக்காடு (10.15)
இன்னொண்ணு. பழைய லோடர் பளபளன்னு கழுவி நின்னா சந்தேகப்படுங்க. நான் பார்க்கப் போன ஒண்ணுல மெஷின் முழுக்க வெளுத்த பழைய பெயிண்ட், இடது பக்கத் தாங்கி மூலையில மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பெயிண்ட். நகத்தால சுரண்டினா கீழ வெல்டிங் பருபருன்னு. உடைஞ்சு ஒட்டினது. பக்கெட்டைத் தரையில அழுத்தி எடுக்கும்போது மூட்டு ஆணி இருக்கற இடத்தையே பாருங்க, ஆணியும் அது சுத்தற புஷ்ஷும் எவ்வளவு ஆடுதுன்னு தெரியும்.

மாட்டுக்கொட்டில் (மதியம் 1.20)
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிராக்டர் 45 எச்பி, டூ வீல் டிரைவ். முன் வெயிட் இல்ல. இதுவரைக்கும் பின் லிங்க்ல (டிராக்டர் பின்னாடி இருக்கற தூக்கு கைகள்) சங்கிலி கட்டித் தூக்கிட்டிருந்தேன், மேடு ஏறும்போது ஸ்டீயரிங் லேசா காத்துல சுத்துற மாதிரி இருக்கும். அப்புறம் இதையும் சொல்லணும், அடுத்த வருஷம் கொஞ்சம் பச்சைப் புல்லையும் பிளாஸ்டிக் சுத்தி சைலேஜ் (காத்து புகாம மூடிப் புளிக்க வைக்கற தீவனம்) ரோல் போடலாம்னு இருக்கேன்.

கணக்குநோட்டு (1.24)
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

ஏர்முனை (1.50)
தம்பி, நேத்து ராத்திரியில இருந்து நான் கேட்டுட்டிருந்தது இதைத்தான்.

டூ வீல் டிரைவ் முன் அச்சு சுமை தாங்கறதுக்குன்னு செஞ்சது இல்ல. லோடர் எடை, கிராப் எடை, ரோல் எடை மூணும் அந்த மெல்லிசான அச்சு மேல வந்து உக்காரும். கிங்பின் (முன் சக்கரம் திரும்பற ஆணி), வீல் பேரிங், ஸ்டீயரிங் எல்லாம் வரிசையா கேட்கும். லோடர் நல்லாவே இருக்கட்டும், செலவு டிராக்டர்ல வரும். பின்னாடி எடை கட்டாம ஓட்டினா இன்னும் மோசம். இன்னொண்ணு, முன் லோடர்ல ரோலை உயரத் தூக்கினா அது கைகள் வழியா உருண்டு டிரைவர் மேலயே விழலாம், செத்தவங்க உண்டு.

பின் ஈட்டிக்கும் முன் வெயிட் கட்டாயம். டிராக்டர் எடையில 20 சதவீதமாவது முன் சக்கரத்துல இருக்கணும். ஸ்டீயரிங் காத்துல சுத்துதுன்னா அதை விடக் குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். சங்கிலி கட்டறதை இன்னைக்கே விடுங்க.

சைலேஜ் ரோலை ஈட்டியால குத்தக் கூடாது. ஓட்டை வழியா காத்து போனா கெட்டுடும். அதுக்கு ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிக்கற பிடிதான். பின்னாடி மாட்டற பிடியும் இருக்கு, சிலிண்டர் ஒண்ணோ ரெண்டோதான். இப்போதைக்கு ஈட்டி, சைலேஜ் நிஜமாவே போட்டா அப்புறம் அந்தப் பிடி. ரெண்டும் சேர்ந்தாலும் அந்த லோடர் விலை வராதுன்னு நினைக்கறேன், விசாரிச்சுக்கோங்க.

பட்டறைநிழல் (2.30)
ஈட்டி வாங்கினா நடு ஈட்டிக்குக் கீழ ரெண்டு குட்டை ஈட்டி இருக்கறதா பாருங்க, இல்லன்னா ரோல் சுத்தும். வளைஞ்சா காய வச்சு நிமிர்த்தாதீங்க, வெல்டிங்கும் வேண்டாம். பதம் ஏத்தின இரும்பு, சூடு காட்டினா பதம் போயிடும், அடுத்த தடவை ஒடியும். பின்னாடி இருக்கற பெரிய நட்டை வாரம் ஒரு தடவை இறுக்குங்க.

கைவேலை (2.48)
நான் இன்னும் சொல்றேன், சின்னக் கட்டா கட்டியிருந்தா இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

ஈரம்பார் (2.55)
சின்னக் கட்டுன்னா ஈரம் சீக்கிரம் காயும், அது உண்மை.

கணக்குநோட்டு (3.05)
அதே வைக்கோலுக்கு 300 ரோல் இடத்துல 2,640 சின்னக் கட்டு. நீங்க வந்து தூக்குவீங்களா?

கைவேலை (3.06)
இடுப்பு ஒத்துக்காது.

மாட்டுக்கொட்டில் (நாலு நாள் கழிச்சு, இரவு 9.15)
போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓட்டணும்னதுக்கே அவர் முகம் மாறிடுச்சு. 40 நிமிஷம் ஓட்டினோம். கோடு நல்லாவே இறங்குச்சு. வேண்டாம்னுட்டேன். பின் ஈட்டியும் முன் வெயிட்டும் வாங்கியாச்சு. இன்னைக்கு 12 ரோல் ஏத்தினேன், ஸ்டீயரிங் பிடிக்குது. கழுத்துதான் வலிக்குது. நன்றி.

பழைய_வால்வ் (9.22)
"நல்லாவே"ன்னா எத்தனை மி.மீ.? கப்ளரைக் கழட்டிப் பார்த்தீங்களா இல்லையா? அது தெரியாம வால்வா சீலான்னு எப்படி முடிவாகும்?

பட்டறைநிழல் (மறுநாள் காலை 7.10)
எனக்கும் அது தெரிஞ்சாகணும். போட்டோவும் வரலை.