ஃபுனாஃபுட்டி ஓடுபாதைக்கு வேலி வேண்டுமா?

வான்வழி:
பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்கு இருப்பது ஒரே விமான நிலையம், ஃபுனாஃபுட்டி. விமானம் இல்லாத வேளைகளில் ஊர் மக்கள் அந்த ஓடுபாதையிலேயே பந்து விளையாடுகிறார்கள், மோட்டார் சைக்கிளில் குறுக்கே போகிறார்கள், புழுக்கமான இரவுகளில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். விமானம் நெருங்கும்போது சைரன் ஒலித்து அவர்களை விலக்குகிறார்கள். பலருக்கு இது அழகான காட்சி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஃபிஜியிலிருந்து வரும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானம் தரையைத் தொடும் நொடியில் ஒரு நாய் குறுக்கே ஓடினால் என்ன ஆகும்? வேலி போட்டே ஆக வேண்டும்.

நெய்தல்:
எங்கே போடுவீர்கள் ஐயா? விமான நிலையம் இருக்கும் ஃபோங்காஃபாலே தீவின் மிக அகலமான பகுதியே ஏறத்தாழ 400 மீட்டர்தான். ஒரு பக்கம் காயல், மறு பக்கம் பெருங்கடல். நடுவில் நீளவாக்கில் சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஓடுபாதை. வேலி போட்டால் எதிரே தெரியும் உறவினர் வீட்டுக்கு ஊரையே சுற்றிப் போக வேண்டும். விளையாட வேறு இடமும் அதிகம் இல்லை.

அந்த நிலம் யாருடையது என்பதையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்திறங்கியது. ஜப்பானியர் பிடித்திருந்த கில்பர்ட் தீவுகளை (இன்றைய கிரிபாட்டியின் பகுதி) தாக்க ஒரு தளம் தேவைப்பட்டது. தென்னைகளை வெட்டினார்கள். புலாகா குழிகளை மூடினார்கள். புலாகா ஒரு சேம்பு வகை. நன்னீர் ஊறும் ஆழம் வரை பவளத் தரையைத் தோண்டி, இலைதழையை உரமாக இட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்த குழிகள் அவை. ஓடுபாதைக்காகக் கல்லும் மண்ணும் அள்ளிய பள்ளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். உப்புநீரும் குப்பையும் தேங்கிய அவற்றின் ஓரத்தில்தான் ஏழைகள் குடியிருந்தார்கள். 2015இல்தான் நியூசிலாந்தின் நிதியில், காயல் மணலைக் கொண்டு அவை நிரப்பப்பட்டன. பறிபோன நிலத்தில் மாலையில் நடப்பதற்கும் தடையா?

கரையோரன்:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தால்தான் 1943 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுகள் ஊர்மேல் விழுந்தன. தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோரை ஓர் அமெரிக்கச் சிப்பாய் வற்புறுத்திப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பினார். சிறிது நேரத்திலேயே தேவாலயத்தில் குண்டு விழுந்தது.

வான்வழி:
நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர் மருத்துவமனையில் பார்க்க முடியாத நோயாளியை ஃபிஜிக்கு அனுப்புவது இதே பாதை வழியாகத்தான். கப்பலில் என்றால் நாள்கணக்காகும். ஒரே ஒரு விபத்தில் பாதை முடங்கினால் தவிக்கப்போவது நீங்கள் பரிந்து பேசும் அதே மக்கள். பழைய அநீதியைக் காட்டி இன்றைய ஆபத்தைத் தள்ளிவைக்க முடியாது நண்பரே.

நெய்தல்:
ஆபத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. விமானம் தினமும் பத்து முறை வருவதில்லை. வாரத்தில் சில முறைதான். சைரன் ஒலித்ததும் பாதையைச் சுற்றிலும் கண்காணிக்க இன்னும் கூடுதல் ஆட்களை நிறுத்துங்கள். நாய்களைப் பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் செலவு வேலிச் செலவைவிடக் குறைவு, ஊரும் பிளவுபடாது.

வான்வழி:
ஆட்களை நிறுத்துவது சரி. ஆனால் ஆள் அசந்துபோகலாம், வேலி அசராது. முழு நீளத்துக்கும் வேண்டாம் என்றால் விமானம் இறங்கும் இரு முனைகளிலாவது போடுங்கள். அதற்குக் கீழே நான் இறங்கி வர மாட்டேன்.

நெய்தல்:
முனைகளை ஒட்டியும் வீடுகள் இருக்கின்றன. முதலில் அந்த வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். 1942இல் யாரும் கேட்கவில்லை.