எண்டர் மட்டும் அழுத்தினால் இயல்புநிலை மதிப்பா, பிழைச் செய்தியா?

அருள்: பழைய பேக்கப் கோப்புகளை அழிக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) ஒன்று, எந்த ஃபோல்டர், எத்தனை நாளுக்கு முந்தையவை என்று இரண்டு கேள்விகள் கேட்கிறது. பயனர் எதையும் தட்டச்சு செய்யாமல் எண்டரை அழுத்தினால், இரண்டுக்கும் இயல்புநிலை மதிப்பைக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பதிலை வைத்திருக்கும் மாறியின் பெயரையடுத்து ':-30' என்று எழுதினால், பதில் வெறுமையாக இருக்கும்போது 30 என்று எடுத்துக்கொள்ளும், ஒரே வரியில் வேலை முடிகிறது.

செல்வி: நாள் கணக்குக்கு ஒப்புக்கொள்கிறேன், ஃபோல்டருக்கு ஒப்ப மாட்டேன். 2015 ஜனவரியில் பேசப்பட்ட லினக்ஸ் ஸ்டீம் (கணினி விளையாட்டு மென்பொருள்) கோளாறில், நிறுவிய இடத்தைக் குறிக்கும் மாறி வெறுமையாகிவிட, அதையடுத்து '/' குறியும் '*' குறியும் வரும்படி எழுதியிருந்த 'ஆர்எம் -ஆர்எஃப்' (கேட்காமலே உள்ளே இருப்பவற்றோடு அழிக்கும்) கட்டளை, எல்லாவற்றுக்கும் மேலான மூல ஃபோல்டரிலிருந்தே தொடங்கி அந்தப் பயனர் அழிக்கக்கூடிய அனைத்தையும் அழித்தது. அந்த வரிக்கு மேலேயே 'அச்சமூட்டுகிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஃபோல்டருக்கு ':?' போடுங்கள், மதிப்பு இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும்.

அருள்: அங்கே பயனரிடம் யாரும் கேள்வி கேட்கவில்லையே. தொடக்கத்தில் 'செட் -யு' எழுதியிருந்தால் அது தடுத்திருக்கும்.

செல்வி: தடுத்திருக்காது. மதிப்பே ஏற்றப்படாத மாறியைத்தான் 'செட் -யு' பிடிக்கும். வெற்றுச் சரம் ஏற்றப்பட்ட மாறியை அது கண்டுகொள்ளாது. ஸ்டீமில் இருந்தது இரண்டாவது வகை, பயனரின் பதிலை வாங்கும் 'ரீட்' கட்டளைக்கு வெறும் எண்டர் கிடைத்தாலும் அதே வகைதான். முக்காற்புள்ளியை விட்டுவிட்டு '-30' என்று மட்டும் எழுதினால் உங்கள் 30 வராமல் போவதும் இதனால்தான்.

கதிர்: 'ரீட்' திருப்பித் தரும் நிலையை, அதாவது அது வென்றதா தோற்றதா என்பதை, இருவருமே பார்க்கவில்லை. எண்டர் அழுத்துவது ஒரு பதில். உள்ளீடே முடிந்துபோவது பதில் அல்ல. இதே ஸ்கிரிப்டைக் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக இயக்கும் வசதியில்) போட்டால், விசைப்பலகையில் ஆள் இல்லாததால் 'ரீட்' தோல்வியடையும், மாறி வெறுமையாகும், ':-' அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு அழிக்கத் தொடங்கிவிடும்.

அருள்: கிரான் பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் ஆள் உட்கார்ந்து பதில் தரும்போது, ':?' ஸ்கிரிப்டையே முடித்துவிடுவதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஃபோல்டர் பெயர் வரும்வரை ஒரு சுழற்சியில் திரும்பத் திரும்பக் கேட்பதே பயனருக்கு நல்லது.

கதிர்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் 'ரீட்' தோற்றால் உடனே வெளியேறும்படி அந்தச் சுழற்சியை எழுதுங்கள், இல்லையென்றால் கிரானில் அது முடிவின்றிச் சுற்றும்.